நிலைபொருள் மாறிய கதை: சேமிப்பகக் கட்டுப்பாட்டு அட்டைகளின் வரலாறு

வன்பொருள், மென்பொருள் ஆகிய இரு சொற்களும் நம் பள்ளி மாணவர் நாவில் இன்று இயல்பாகப் புழங்குகின்றன. அவ்விரண்டிற்கும் நடுவே நிலைபொருள் என்றொரு சொல் உண்டு. பாடநூல்கள் அதனை ஒரு வரியில் விளக்கிவிட்டுக் கடந்து செல்கின்றன. கணினியின் உறுப்பு ஒவ்வொன்றிலும் ஆக்கியோரால் பதிக்கப்பட்டு, அவ்வுறுப்பு இன்னவாறு இயங்க வேண்டும் என்று பணிக்கும் நிரலே நிலைபொருள். இல்லத்தில் வழங்கிக் கணினி வைத்துப் பேணுவோர் பலர், பழைய சேமிப்பகக் கட்டுப்பாட்டு அட்டைகளை வாங்கி, அவற்றிலுள்ள நிலைபொருளை அழித்து வேறொன்றை எழுதிக்கொள்கின்றனர். சிறு தொழில்நுட்பக் கைவேலையாகத் தோன்றும் இவ்வழக்கத்திற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட முன்வரலாறு உண்டு. அதனையே இவ்வுரையில் காண விழைகின்றோம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். இப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஆப்ளர் என்பார் 'டேட்டாமேஷன்' இதழில் எழுதிய கட்டுரையில் வழங்கினார். வன்மைக்கும் மென்மைக்கும் இடைப்பட்ட ஓர் உறுதியைச் சுட்டுவதற்காக அமைந்த சொல் அது. தமிழ் மாணவருக்கு இதனை விளக்குதல் எளிது. நம் இலக்கணம் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாகப் பகுத்து வைத்துள்ளதன்றோ? அவ்வழியே நின்று 'இடைப்பொருள்' என்று பெயரிட்டிருந்தால் ஆப்ளரின் கருத்து அப்படியே தமிழில் வந்திருக்கும். ஆனால் 'நிலைபொருள்' என்பதே வழக்கில் ஊன்றிவிட்டது. ஊன்றிய சொல்லைப் பிடுங்கும் எண்ணம் நமக்கு இல்லை. ஒன்றை மட்டும் கூறி வைப்போம். 'நிலை' என்னும் அடை, மாறாது நிற்பது என்னும் எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் விதைத்துவிடுகிறது. ஆப்ளரோ, மாற்றி எழுதத்தக்க நினைவகத்தில் வைக்கப்பட்ட நுண்நிரலைக் குறிக்கவே அச்சொல்லை ஆக்கினார். ஒரே எந்திரத்திற்கு வெவ்வேறு தன்மைகளை ஊட்டவல்லது என்பதே அவர் கண்ட சிறப்பு. மாறுதல் அச்சொல்லின் பிறப்பிலேயே இருந்தது.

நுண்நிரல் என்னும் கருத்தை 1951ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் நிகழ்ந்த கணினி மாநாட்டில் முன்வைத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ். கணினியின் ஒவ்வோர் ஆணையையும் தனித்தனி மின்சுற்றாகக் கட்டுவதை விடுத்து, சிறு சிறு படிகளின் தொகுப்பாக ஒரு நினைவகத்தில் எழுதி வைக்கலாம் என்றார் அவர். அக்கருத்து வணிக உலகில் பெருவழக்கு அடைந்தது 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையில்தான். அவ்வரிசையின் சிறிய கணினிகளுள் ஒன்றான மாடல் 30இல் நுண்நிரல் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பதை இன்றைய மாணவர் நம்புவது கடினம். துளையட்டை வடிவிலான மைலார் தகடுகளில் துளையிட்டு, அத்தகடுகளைக் கணினியினுள் அடுக்கி வைத்தனர். மின்தேக்கத்தின் வழியே துளை உள்ள இடமும் இல்லாத இடமும் உணரப்பட்டன. நுண்நிரலில் பிழை கண்டால் பராமரிப்புப் பொறியாளர் வந்து பழைய தகட்டை உருவிவிட்டுப் புதிய தகட்டைச் செருகிச் செல்வார். நிலைபொருள் மாற்றம் அன்று கைகளால் செய்யப்பட்டது.

மாடல் 30இன் விற்பனைக்கு உறுதுணையாக நின்றது மற்றொரு சிறப்பு. ஐபிஎம்மின் முந்தைய 1401 கணினிகள் 10,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வணிக நிலையங்களில் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கென எழுதப்பட்ட நிரல்களைக் கைவிட எவரும் ஒருப்படவில்லை. ஆகவே 1401இன் ஆணைகளை ஏற்று நடக்கும் நுண்நிரலை மாடல் 30இல் விலைக்குச் சேர்த்துக்கொள்ள வழிசெய்தனர். உடல் ஒன்று, அதன்மேல் ஏறிய உயிர் மற்றொன்று. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நம் பழங்கதைகள் கூறும் வித்தையை இது நினைவூட்டும். ஓர் உற்பத்தியாளர் பெயரில் விற்கப்பட்ட அட்டையில் மற்றோர் உற்பத்தியாளரின் நிலைபொருளை ஏற்றும் இன்றைய வழக்கத்திற்கு மூதாதை இதுவே என்பது நம் துணிபு. அன்று அதனைச் செய்தவர் ஆக்கியோர். இன்று செய்பவர் வாங்கியோர்.

1970இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 370 மாடல் 145, நுண்நிரலை மாற்றி எழுதத்தக்க குறைகடத்தி நினைவகத்தில் வைத்தது. வசதி பெரிது, அதனோடு ஓர் இடரும் வந்தது. மின்சாரம் நின்றால் அந்நினைவகம் வெறுமையாகிவிடும். ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் நுண்நிரலை மீண்டும் ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்கு எளிய, மலிவான, அஞ்சலில் அனுப்பத்தக்க ஊடகம் ஒன்று தேவைப்பட்டது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் ஆய்வகத்தில் 1967 முதல் நடந்த முயற்சியின் பயனாக 8 அங்குல நெகிழ்வட்டு பிறந்தது. டேவிட் நோபிள் அதன் வடிவமைப்பில் முதன்மையாக உழைத்தார். பிரிவின் பொறுப்பில் இருந்தவர் ஆலன் ஷுகார்ட். 1971இல் வெளிவந்த அவ்வட்டு ஏறத்தாழ 80 கிலோபைட் கொண்டது. படிக்க மட்டுமே இயலும். மடல்களையும் கணக்குகளையும் சேமித்து வைக்க அது உருவானதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் நிலைபொருளைச் சுமந்து செல்லும் ஊர்தியாகவே நெகிழ்வட்டு பிறந்தது.

ஷுகார்ட்டை நாம் இன்னும் சற்றுத் தொடர்ந்து செல்ல வேண்டும். 1973இல் அவர் தம் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டே அதனை விட்டு வெளியேறினார். அவர் விலகிய பின்னும் அவர் பெயரைத் தாங்கி நின்ற அந்நிறுவனத்தில் லாரி பௌச்சர் முதலானோர் 1979இல் சாசி என்னும் இணைப்புமுறையை வகுத்தனர். கணினிக்கும் வட்டுக்கும் இடையே ஒரு கட்டுப்பாட்டகம் நின்று, வட்டின் உள்ளமைப்பு நுணுக்கங்களைத் தன்னுள் மறைத்துக்கொண்டு, 'இத்தனையாவது தொகுதியைத் தா' என்னும் எளிய ஆணையை மட்டும் கணினியிடமிருந்து ஏற்கும் என்பதே அதன் கரு. அதுவே வளர்ந்து 1986இல் ஸ்கஸி என்னும் பெயரில் அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. அதன் தொடர்வடிவமான சாஸ் இணைப்பே இன்று நாம் பேசும் அட்டைகளின் மொழி.

ஷுகார்ட்டோ அதே 1979இல் பினிஸ் கானர் முதலியோருடன் சேர்ந்து, பின்னர் சீகேட் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவர்களின் முதல் வன்தட்டு 5 மெகாபைட் கொண்டது. 1982இல் அந்நிறுவனம் சிங்கப்பூரில் காலூன்றியது. பிற நிறுவனங்களும் பின்தொடர, உலகின் வன்தட்டு உற்பத்தியில் பெரும்பங்கு சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளிலும் பின்னர் பினாங்கு, பெட்டாலிங் ஜெயா முதலிய இடங்களிலும் நடைபெறலாயிற்று. நம் மாணவருள் பலருடைய பாட்டியரும் தாயரும் முக்கவசமும் தலையுறையும் அணிந்து, துகளற்ற அறைகளில் முறைமாற்றி உழைத்த காலம் அது. உருப்பெருக்கியின் கீழ் மயிரிழை அன்ன கம்பிகளைப் பொருத்திய அக்கைகளைப் பற்றி நம் இலக்கியம் போதிய அளவு எழுதவில்லை என்னும் குறை நமக்கு உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டுத் தொழிற்சாலை மூடப்படும் என்னும் அறிவிப்பு 2018இல் வந்தது.

இனி, நிலைபொருள் எழுதப்படும் இடத்தைக் காண்போம். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ப்ரோமன், மின்சாரம் நின்றாலும் அழியாததும் வேண்டும்போது அழிக்கத்தக்கதுமான நினைவகச் சில்லை உருவாக்கினார். 1702 என்னும் எண் தாங்கிய அச்சில்லின் கொள்ளளவு 256 பைட். சில்லின் முதுகில் ஒரு படிகக் கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் எழுதியது அனைத்தும் அழியும். சாளரத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி ஒளியிலிருந்து காப்பது வழக்கம். கணினியைத் திறந்து, சில்லைப் பெயர்த்து, கதிரில் காட்டி, மீண்டும் எழுதிப் பொருத்த வேண்டியிருந்தமையால் நிலைபொருள் மாற்றம் பட்டறைக்கு உரிய வேலையாகவே இருந்துவந்தது.

அதனை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா. மின்சாரத்தாலேயே ஒரு பெருந்தொகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் நினைவகத்தை அவர் 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த மின்னணுச் சாதன மாநாட்டில் அறிவித்தார். அழியும் வேகம் ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால் அதற்கு 'ஃபிளாஷ்' என்னும் பெயரைச் சொன்னவர் அவருடைய உடன்பணியாளர் ஷோஜி அரிசுமி. நிலைபொருளை 'ஃபிளாஷ் செய்தல்' என்று இன்று இளைஞர் கூறும் தொடரின் பிறப்பு இதுவே. தம் கண்டுபிடிப்புக்கு உரிய மதிப்பைத் தம் நிறுவனம் தரவில்லை எனக் கருதிய மசுவோகா பின்னாளில் வழக்குத் தொடுத்தார். 2006இல் 87 மில்லியன் யென் இழப்பீட்டில் அது முடிந்தது. இன்று உலகில் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டோரே என்பதை எண்ணும்போது அத்தொகை சிறிதெனவே படுகிறது.

எழுத எளிதானது, கெடுக்கவும் எளிதாயிற்று. தைவான் மாணவர் ஒருவர் 1998இல் எழுதிவிட்ட நச்சுநிரல், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஆசிய நாடுகள் பலவற்றில் கணினிகளை முடக்கியது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு நில்லாமல், தாய்ப்பலகையின் ஃபிளாஷ் சில்லிலிருந்த தொடக்க நிரலின்மேலும் குப்பையை எழுதியது. அவ்வாறு தாக்குண்ட கணினியை இயக்கினால் திரையில் ஒன்றும் தோன்றாது. நிலைபொருள் என்பது அழியக்கூடியது என்னும் பாடத்தைப் பொதுமக்கள் முதன்முதலாகக் கற்றது அன்றுதான்.

இங்குச் சேமிப்பகக் கட்டுப்பாட்டு அட்டையின் கதை தனியே பிரிகிறது. 1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெருங்கணினிகளுக்கென விற்கப்பட்ட விலைமிகுந்த பெருவட்டு ஒன்றுக்கு மாற்றாக, மலிவான சிறுவட்டுகள் பலவற்றை அணிவகுத்து, ஒன்று பழுதுற்றாலும் மற்றவை ஈடுசெய்யும்படி அமைக்கலாம் என்றனர். ரெய்டு என அழைக்கப்படும் முறை அது. அவர்கள் ஒப்பிட்டுக் காட்டிய சிறுவட்டு, சீகேட்டிலிருந்து பிரிந்த பினிஸ் கானரின் நிறுவனம் ஆக்கியது. 100 மெகாபைட் கொண்டது.

இந்த ஈடுசெய்யும் கணக்கை யார் போடுவது? அக்காலக் கணினிகளின் மையச் செயலிக்கு அது பெருஞ்சுமை. ஆதலால் தனிச் செயலியும் தனி நினைவகமும் தனி நிலைபொருளும் கொண்ட அட்டைகள் தோன்றின. எட்டு வட்டுகளை இணைத்தாலும் கணினியின் கண்ணுக்கு ஒரே பெருவட்டாகக் காட்டும் திறன் அவற்றுக்கு இருந்தது. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் இது பெரும்பயன் விளைத்தது. எனினும் வட்டுகளில் எவ்வாறு எழுதப்பட்டது என்னும் விவரம் அட்டையின் நிலைபொருளுக்கே தெரியும். அட்டை பழுதானால் அதே இனத்து அட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும். வட்டுகள் யாவும் நலமாக இருந்தும் உள்ளிருக்கும் தரவைப் படிக்க வழியின்றித் தவித்தோர் உளர்.

மற்றொரு குறை மெல்லவே புலப்பட்டது. வட்டு ஒன்று முற்றும் பழுதுற்றால் அட்டை அறியும். ஆனால் வட்டு பிழையான தரவைச் சரியானதென்றே தந்தால்? 2007இல் ஐரோப்பிய அணுவாராய்ச்சி மையமான செர்ன், தன் சேமிப்பகங்களில் ஓசையின்றி நிகழ்ந்த தரவுச் சிதைவுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கண்ட பிழைகளில் பெரும்பகுதிக்குக் காரணம், வன்தட்டின் நிலைபொருளும் கட்டுப்பாட்டு அட்டையும் ஒன்றோடொன்று இசையாமையே எனத் தெரிய வந்தது. அதனைத் தீர்க்க ஏறத்தாழ 3,000 வன்தட்டுகளின் நிலைபொருளை அவர்கள் மாற்ற வேண்டியதாயிற்று.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ அரென்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கிய இஸட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இச்சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது. தரவுத் தொகுதி ஒவ்வொன்றிற்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணித்து, அவ்வெண்ணை அத்தொகுதியோடு வைக்காமல் அதன் தாய்த்தொகுதியில் எழுதி வைப்பது அதன் முறை. படிக்கும்போது எண் ஒவ்வாவிடில், வேறு வட்டிலுள்ள மற்றொரு படியைக் கொண்டு திருத்திவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் இரண்டு படிகளை ஒப்புநோக்கிப் பிழை களைவதைப் போன்றது இது. ஆனால் ஒப்புநோக்க இரண்டு படிகள் கண்முன் இருக்க வேண்டுமே! அட்டை எட்டு வட்டுகளை ஒன்றாக்கிக் காட்டினால் இஸட்எஃப்எஸ் பிழையைக் காணும். திருத்த மற்றொரு படி அதன் கைக்கு எட்டாது. ஆகவே தனக்கும் வட்டுகளுக்கும் இடையே எவரும் நின்று உதவ வேண்டியதில்லை என்பது அதன் கோரிக்கை. இருபது ஆண்டுகளாக அட்டைகள் மேலும் மேலும் அறிவு பெற்று வந்தன. இப்போது அறிவற்ற அட்டை வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று.

2005இல் அதன் மூலநிரல் பொதுவெளிக்கு வந்தது. 2008இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 7.0 பதிப்பில் அது இடம்பெற்றது. பிரான்சு நாட்டின் ஒலிவியே கொஷார் லாபே 2005இல் தொடங்கிய ஃப்ரீநாஸ் என்னும் சேமிப்பக இயங்குதளம், 2011இல் மறுவடிவம் பெற்று இஸட்எஃப்எஸ்ஸை இல்லங்களுக்குள் கொண்டுவந்தது. ஒளிப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வீட்டிலேயே பேணக் கருதியவர்களுக்குக் கோப்பு முறைமை இலவசமாகக் கிடைத்தது. எட்டு வட்டுகளை இணைக்கும் தரமான அட்டைதான் கைக்கெட்டா விலையில் இருந்தது.

இவ்விடத்தில்தான் ஐபிஎம் சர்வ்ரெய்டு எம்1015 என்னும் அட்டை வரலாற்றுக்குள் நுழைகிறது. ஐபிஎம் வழங்கிகளோடு சேர்த்து விற்கப்பட்ட எளிய ரெய்டு அட்டை அது. நிறுவனங்கள் வழங்கிகளை வாங்கியதும் அதைவிட வலிய அட்டையைப் பொருத்திக்கொண்டு, இதனைக் கழற்றி விற்றுவிட்டன. அதனால் புதுக்கருக்கு மாறாத அட்டைகள் இணையச் சந்தைகளில் குறைந்த விலைக்குக் குவிந்தன. சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்திலும் கோலாலம்பூரின் லோ யாட் வளாகத்திலும் கணினி உதிரிகள் தேடி அலைந்த நம் இளைஞர் காதுகளுக்கும் அப்பெயர் எட்டியது.

அட்டையின் மேலிருந்த வெப்பத் தணிப்பானை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருந்தது ஐபிஎம்மின் படைப்பு அன்று. எல்எஸ்ஐ நிறுவனத்தின் சாஸ்2008 என்னும் சில்லு அது. எல்எஸ்ஐ 1981இல் தொடங்கப்பட்டது. சிம்பயாஸ், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸின் ரெய்டு பிரிவு, 3வேர் என இத்துறையின் முன்னோடிகளை ஒவ்வொன்றாக வாங்கித் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதே சாஸ்2008 சில்லு டெல் நிறுவனத்தின் எச்200, எச்310 ஆகிய அட்டைகளிலும் இருந்தது. எல்எஸ்ஐ தன் சொந்தப் பெயரில் விற்ற 9211-8ஐ அட்டையிலும் அதுவே. சில்லினுள் 533 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பவர்பிசி செயலி ஒன்று உண்டு. அட்டையில் இருந்த இணைப்புகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு வட்டுகள். வன்பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்கியது நிலைபொருளே.

எம்1015இல் ரெய்டு 5 முறை இயங்க வேண்டுமாயின் தனியே ஒரு சாவியை விலைக்கு வாங்க வேண்டும். அச்சாவி புதிய திறன் எதனையும் அட்டைக்குக் கொண்டுவரவில்லை. அங்கேயே இருந்த திறனைத் திறந்துவிட்டது. டெல் எச்310இல் வேறொரு நிலைமை. வட்டுகளுக்குச் செல்லும் ஆணைகள் வரிசையில் காத்திருக்கத்தக்க எண்ணிக்கை அதில் 25 மட்டுமே. எல்எஸ்ஐயின் நிலைபொருளை ஏற்றினால் அதே சில்லு 600 ஆணைகளை வரிசையில் வைத்துக்கொள்ளும். 2014இல் வி.எம்.வேர் நிறுவனம் தன் சேமிப்பக அமைப்புக்கு ஏற்ற அட்டைகளின் பட்டியலிலிருந்து எச்310ஐ நீக்கியபோது இவ்வேறுபாடு வெளியுலகுக்குத் தெரிந்தது.

9211-8ஐ அட்டைக்கென எல்எஸ்ஐ இருவகை நிலைபொருளை வெளியிட்டது. ஐஆர் என்பது எளிய ரெய்டு வசதி கொண்டது. ஐடி என்பது வட்டுகளை உள்ளது உள்ளவாறே கணினிக்குக் காட்டுவது. இஸட்எஃப்எஸ் வேண்டிய அறிவற்ற அட்டை அதுவே. எம்1015ஐ 9211ஆக மாற்றும் கலையை ஆர்வலர்கள் தாமே முயன்று கண்டறிந்து ஒருவருக்கொருவர் கற்பித்தனர்.

அதன் படிமுறையைச் சற்று விரிவாகவே கூறுவோம். அட்டையில் இரண்டு நினைவகங்கள் உள்ளன. நிலைபொருள் இருப்பது ஃபிளாஷ் சில்லில். அதனின் வேறாக, 256 பைட் அளவே கொண்ட தொடக்கப் பதிவு ஒன்று சிறிய சில்லொன்றில் உண்டு. 'நான் இன்னார்' என்று அட்டை தன்னைக் கணினிக்கு அறிமுகம் செய்யும் எண்கள் அதில் உள்ளன. அவ்வறிமுகம் ஐபிஎம் என்று கூறும்வரை எல்எஸ்ஐயின் எழுதுகருவி அட்டையைத் தொட மறுக்கும். எனவே முதற்படி, அட்டையின் பின்புறத்தில் ஒட்டியுள்ள தாளிலிருந்து அதன் சாஸ் முகவரியைக் குறித்துக்கொள்வது. 500605பி எனத் தொடங்கும் பதினாறு இலக்கங்கள் அவை. உலகில் வேறெந்த அட்டைக்கும் இல்லாத பெயர். அடுத்து, ஃப்ரீடாஸ் நிறுவிய விரலியால் கணினியைத் தொடக்கி, மெகாரெக் என்னும் கருவியால் தொடக்கப் பதிவை வெற்றுப் பதிவால் மூடி, ஃபிளாஷ் சில்லைத் துடைக்க வேண்டும். இந்நிலையில் அட்டைக்குப் பெயரும் இல்லை, நினைவும் இல்லை. கணினியை மறுபடி தொடக்கி, எல்எஸ்ஐயின் எழுதுகருவியால் ஐடி நிலைபொருளை எழுதி, இறுதியாகக் குறித்து வைத்த சாஸ் முகவரியை மீண்டும் பொறிக்க வேண்டும். தொடக்கத்தில் குறித்துக்கொள்ள மறந்தவர் இறுதியில் தவிப்பர்.

எம் பட்டறிவையும் இங்குக் கூறுதல் பொருந்தும். தோட்டப்புறத்து முதியோர் சிலருடைய நாட்டுப்புறப் பாடல்களையும் பழங்கதைகளையும் ஒலிநாடாக்களில் பதிந்து, அவற்றைப் பின்னர்க் கணினிக் கோப்புகளாக மாற்றி, ஒரு ரெய்டு அட்டையின்கீழ் யாம் வைத்திருந்தோம். அட்டை 'யாவும் நலம்' என்றே நாள்தோறும் அறிவித்து வந்தது. மூன்றாண்டுகள் கழித்து ஒரு கோப்பைத் திறந்தபோது, தாலாட்டு ஒன்றின் நடுவே பாட்டியின் குரல் அறுந்து இரைச்சலாயிற்று. ஒலிநாடாவோ அதற்கு முன்பே பூஞ்சை பிடித்துப் போயிருந்தது, பாடியவரும் மறைந்துவிட்டார். இழந்தது நான்கு மணித்துளிப் பாட்டு. எக்காலத்தில் எவ்வாறு கெட்டது என்பதை அறியவும் வழியில்லை. அன்றுதான் எம்1015 ஒன்றை வாங்கினோம்.

மாற்றும் வேலை முதல்நாளில் கைகூடவில்லை. தொடக்கப் பதிவை அழித்தாயிற்று. ஃபிளாஷ் சில்லையும் துடைத்தாயிற்று. எழுதுகருவியை இயக்கியபோது, அடிப்படை இடைமுகத்தைத் தொடக்க இயலவில்லை என்னும் பிழைச் செய்தியே வந்தது. மும்முறை முயன்றும் பயனில்லை. பெயரிழந்த அட்டையை மேசைமேல் வைத்துக்கொண்டு உறங்காது கழிந்தது அவ்விரவு. புதியவகைத் தாய்ப்பலகைகளில் டாஸ் வழியிலான எழுதுகருவி இயங்காது என்பதும், யுஇஎஃப்ஐ முனையத்திற்கென வேறொரு வடிவம் உண்டு என்பதும் மறுநாள்தான் எமக்குத் தெரிந்தன. அதனைக் கொண்டு எழுதியபோது இரண்டு மணித்துளிக்குள் வேலை முடிந்தது. எஞ்சிய கோப்புகள் அனைத்தையும் புதிய அடுக்கிற்கு மாற்றினோம். மாதந்தோறும் முழுச் சரிபார்ப்பு ஓடுகிறது. இரண்டாம் ஆண்டில் ஒரு வட்டில் ஏழு தொகுதிகள் பிழைபட்டன. பிற வட்டுகளைக் கொண்டு அவை திருத்தப்பட்டன என்று ஒரு வரிச் செய்தி வந்தது. தாலாட்டு கெட்டபோது வராத செய்தி அது.

புதிய பதிப்பு எப்போதும் மேலானது என்னும் நம்பிக்கையையும் இவ்வட்டைகள் அசைத்தன. நிலைபொருளின் 20ஆம் கட்டப் பதிப்புகளுள் முதலில் வந்தவை சிலருடைய வழங்கிகளில் பிழைகளை விளைத்தன. பலர் 16 அல்லது 19ஆம் கட்டத்திற்கே திரும்பினர். 20.00.07.00 வந்த பின்னரே அமைதி திரும்பியது. முந்தைய தலைமுறைச் சில்லான 1068இ வேறொரு பாடம் கற்பித்தது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளை அதனால் முழுமையாகக் காண இயலாது. 2010இல் 3 டெராபைட் வட்டுகள் சந்தைக்கு வந்தபோது, நிலைபொருளை மாற்றினால் அக்குறை தீரும் என நம்பிக் காத்திருந்தோர் ஏமாந்தனர். எல்லை சில்லிலேயே இருந்தது.

2014ஆம் ஆண்டில் எல்எஸ்ஐ நிறுவனத்தை அவாகோ வாங்கியது. 2016இல் அவாகோ பிராட்காமை வாங்கி அப்பெயரையே தனதாக்கிக்கொண்டது. ஐபிஎம்மின் சிறு வழங்கித் தொழில் 2014இல் லெனோவோவின் கைக்குச் சென்றது. எம்1015ஐ வடிவமைத்த நிறுவனமும் விற்ற பிரிவும் இவ்வாறு ஓராண்டிலேயே கைமாறின. அட்டைகள் மட்டும் இல்லங்களில் தொடர்ந்து இயங்கின.

அண்மைக்காலக் கட்டுப்பாட்டு அட்டைகள் பலவற்றில், உற்பத்தியாளரின் மறைகுறிக் கையொப்பம் இல்லாத நிலைபொருளைச் சில்லு ஏற்பதில்லை. 1999இன் நச்சுநிரலை நினைவில் கொண்டோர் இதனை வரவேற்பர். நிலைபொருளில் ஒளிந்துகொள்ளும் தீநிரலைக் கண்டறிவது மிகக் கடினம் என்பது உண்மை. விலை கொடுத்து வாங்கிய பொருளின்மேல் வாங்கியவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் வினாவும் அதனோடு சேர்ந்தே எழுகிறது. கையொப்பத்திற்குரிய திறவுகோல் பொருளை உடையவரிடமும் ஒன்று இருக்கலாகாதா? தாய்ப்பலகைகள் சிலவற்றில் அதற்கு இடம் உண்டு. சேமிப்பக அட்டைகளில் அத்தகைய ஏற்பாட்டை யாம் இதுவரை கண்டதில்லை. சட்டம் பயிலும் மாணவரும் கணினி பயிலும் மாணவரும் கூடி ஆராயத்தக்க பொருள் இது.

எம் அட்டை இன்னும் ஓடுகிறது. கணினியைத் தொடக்கும்போது அது தன்னை எல்எஸ்ஐ என்றே அறிமுகம் செய்துகொள்கிறது. பின்புறத் தாளில் ஐபிஎம் என்னும் பெயரும் பதினாறு இலக்க முகவரியும் மங்காமல் உள்ளன. அம்முகவரியை ஒரு தாளில் எழுதி, வழங்கிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கின்றோம்.